கேத்தரின் காலத்து ரூபிள் நோட்டு: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி இதுதான்: "என்னிடம் இரண்டாம் நிக்கோலஸ் காலத்து 500 ரூபிள் நோட்டு ஒன்றும் சின்ன நோட்டுகள் ஐந்தாறும் இருக்கின்றன. ரஷ்யாவின் முதல் காகிதப் பணம் வரை பின்னோக்கிப் போய்ச் சேர்க்க ஆசை. 1769 நோட்டெல்லாம் கிடைக்குமா? நெப்போலியன் கள்ளநோட்டு அடித்தான் என்கிறார்களே, நிஜமா? ஏமாறாமல் எப்படி வாங்குவது?"

1769 நோட்டு உலகத்தில் இருக்கிறது. ஆனால் அது உங்கள் கைக்கோ என் கைக்கோ வரப்போவதில்லை. அபூர்வமாக ஏலத்துக்கு வந்தாலும் வீடு வாசல் விற்றுச் சேர்க்கிற ஆட்கள்தான் எடுப்பார்கள். நெப்போலியன் விஷயம் முழுக்க நிஜம். அதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் காலத்து அசல் நோட்டைவிட அவன் அடித்த போலிதான் நம்மைப் போன்றவர்களுக்குச் சுலபமாகக் கிடைக்கிறது. அதை வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதுவும் சேகரிப்புப் பொருள்தான், தனி விலை உண்டு.

இந்த நோட்டு ஏன் பிறந்தது என்று தெரிந்தால் எதை எப்படிப் பார்ப்பது என்பது தானாகப் புரியும், அதனால் அங்கிருந்து வருகிறேன். அப்போது ரஷ்யாவில் செம்பு நாணயம்தான் அதிகம் புழங்கியது. ஒரு பூடு செம்பில், அதாவது சுமார் 16.4 கிலோவில், 16 ரூபிள் நாணயம் அடித்தார்கள். கணக்குப் போட்டால் ஒரு ரூபிள் ஒரு கிலோவுக்குச் சற்று மேல். 25 ரூபிள் கொடுக்க வேண்டுமானால் நம் வீட்டுக்கு வரும் 25 கிலோ அரிசிச் சிப்பம் அளவு கனம். ஆயிரம் ரூபிள் என்றால் ஒரு டன், வண்டி கட்ட வேண்டும். 1762-இல் ரஷ்யப் பேரரசர் மூன்றாம் பீட்டர் வங்கி நோட்டு வெளியிட ஆணை போட்டார். அந்த வருடமே ஆட்சி கவிழ்ந்ததால் அது அப்படியே நின்றது. அவரைக் கவிழ்த்து அரியணை ஏறிய மனைவி கேத்தரின் 1768-இல் துருக்கியோடு போர் தொடங்கியதும் பணத்துக்குத் திண்டாடி, கணவரின் யோசனையையே கையில் எடுத்தார். 1768 டிசம்பர் இறுதியில் பிரகடனம் வந்தது. 1769 தொடக்கத்தில் பீட்டர்ஸ்பர்க்கிலும் மாஸ்கோவிலும் வங்கி திறந்தது. நோட்டுக்குப் பெயர் அசிக்னாட்சியா. நம் சேகரிப்பாளர்கள் சுருக்கி அசிக்னாட் என்பார்கள்.

மக்கள் காகிதத்தை நம்ப வேண்டுமே. அதற்கு ஒரு வழி செய்தார்கள். 500 ரூபிள் வரி கட்டுகிறவர் அதில் 25 ரூபிளாவது நோட்டாகத்தான் தர வேண்டும் என்று விதி. ஆக, வரி கட்ட வேண்டியவன் நோட்டைத் தேடிப் போனான்.

முதல் நோட்டுகள் 25, 50, 75, 100 என்று நான்கு மதிப்பில் வந்தன. வெள்ளைக் காகிதம், கறுப்பு மை, ஒரு பக்கம் மட்டும் அச்சு. இன்றைய கண்ணுக்கு ஏதோ பத்திரம் மாதிரி இருக்கும். பாதுகாப்பெல்லாம் காகிதத்துக்குள்ளே. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் ஓரங்களில் நீர்க்குறி எழுத்து தெரியும்: 'தாய்நாட்டின் மீது அன்பு', 'அதன் நன்மைக்காகச் செயல்படுகிறது', 'அரசுக் கருவூலம்'. நான்கு மூலைகளில் மாஸ்கோ, கசான், அஸ்திரகான், சைபீரியா ஆகியவற்றின் சின்னங்கள். அப்புறம் மை இல்லாமல் அழுத்தி எழுப்பிய இரண்டு முட்டை வடிவ முத்திரைகள். ஒன்றில் கழுகு, பீரங்கி, கொடிகள். இன்னொன்றில் கொந்தளிக்கும் கடலுக்கு நடுவே ஒரு பாறை, அதன் மேல் 'சேதமுறாதது' என்று பொருள்படும் ஒற்றைச் சொல். அரண்மனையின் பழைய மேசைவிரிப்புகளையும் துடைப்புத் துணிகளையும் கூழாக்கித்தான் முதல் நோட்டுக்குக் காகிதம் செய்தார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. கதை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் காலத்துக் காகிதம் கந்தல் துணியில் செய்தது என்பது உண்மை, அது பின்னால் உங்களுக்கு உதவும்.

75 ரூபிள் நோட்டின் கதை தனி. வந்த இரண்டே வருடத்தில், 1771-இல், அதைத் திரும்ப வாங்கிவிட்டார்கள். 25 ரூபிள் நோட்டில் 'இருபது' என்கிற சொல்லை மட்டும் சுரண்டி 'எழுபது' ஆக்கினால் 50 ரூபிள் லாபம். தமிழிலும் அதே சங்கடம்தான் பாருங்கள், இருபத்தைந்துக்கும் எழுபத்தைந்துக்கும் முன்பாதிதான் வித்தியாசம். திரும்ப வந்ததெல்லாம் அழிக்கப்பட்டதால் இன்று ரஷ்யக் காகிதப் பணத்திலேயே மிக அரிதானவற்றில் அது ஒன்று. இதைத் தெரிந்துகொள்ளாமல் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். ஆரம்ப காலத்தில் ஒரு நாணயக் கண்காட்சியில், மேசை ஓரத்தில் பழுப்பேறிய ஒரு 75 ரூபிளைப் பார்த்தேன். விற்றவர் "தாத்தா காலத்துப் பெட்டியில் இருந்தது" என்றார். 3,500 ரூபாய் கொடுத்து வாங்கிக்கொண்டு, ஏதோ புதையல் எடுத்த மாதிரி வீட்டுக்கு வந்தேன். இரவு பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் எழுத்தெல்லாம் புள்ளி புள்ளியாக இருக்கிறது. புற ஊதா விளக்கின் கீழ் வைத்தேன், காகிதம் துவைத்த வேட்டி மாதிரி நீலமாகப் பளிச்சிட்டது. டீத்தண்ணீரில் ஊறவைத்த நினைவுப்பொருள். இன்னும் வைத்திருக்கிறேன், புதிதாக வருகிறவர்களுக்குக் காட்ட.

அதில் கற்ற இரண்டும் இன்றுவரை என் முதல் சோதனை. பழைய கந்தல் காகிதம் புற ஊதாவில் மங்கலாகவே இருக்கும். இந்தக் காலத்துக் காகிதத்தில் வெண்மைக்காகச் சேர்க்கும் ரசாயனம்தான் பளிச்சிடும். ஆனால் பளிச்சிடவில்லை என்பதாலேயே அசல் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அடுத்த சோதனை லென்ஸ்: அந்தக் காலத்து அச்சில் கோடு கோடாகவே இருக்கும், புள்ளிக்கூட்டமாக உடையாது.

1786-இல் இரண்டு வங்கிகளையும் ஒன்றாக்கி, நோட்டின் வடிவத்தை மாற்றினார்கள். புதிதாக 5, 10 ரூபிள் வந்தன. ஐந்துக்கு நீலக் காகிதம், பத்துக்குச் சிவப்பு. இந்த நிற வழக்கத்தை மனதில் வையுங்கள், கடைசியில் இன்னொரு இடத்தில் வரும். மொத்தம் 10 கோடி ரூபிளுக்கு மேல் அச்சடிக்க மாட்டோம் என்று கேத்தரின் அப்போது வாக்குக் கொடுத்தார். அவர் இறந்த 1796-இல் புழக்கத்தில் இருந்தது 15 கோடிக்கும் மேல். மகன் பாவெல் 50 லட்சம் ரூபிளுக்கும் மேலான நோட்டுகளை அரண்மனை முன்னால் எரித்துக் காட்டினார். அப்படியும் மதிப்பு நிற்கவில்லை. நெப்போலியன் போர் முடிந்த சமயத்தில் ஒரு காகித ரூபிளுக்கு வெள்ளியில் கால் ரூபிள்கூடத் தேறவில்லை.

இப்போது நெப்போலியனுக்கு வருவோம், உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ரஷ்யாவுக்குள் படையெடுக்கும் முன்பே பாரிஸில் ரகசியமாக ரஷ்ய நோட்டு அச்சடித்தார்கள். படைக்குத் தீவனமும் தானியமும் வாங்க அது உதவும், எதிரியின் பணமும் நாறும். முக்கியமாக 25, 50 ரூபிள். வேலை அருமையான வேலை. ஆனால் தகடு செதுக்கியவனுக்கு ரஷ்ய மொழி தெரியாது. எழுத்தை எழுத்தாகப் படிக்காமல் படமாகப் பார்த்து வரைந்திருக்கிறான்.

எங்கே மாட்டினான் என்று பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன். நோட்டில் உள்ள வாசகத்தின் சாரம்: இந்த அரசு நோட்டைக் கொண்டுவருபவருக்கு வங்கி 25 ரூபிளைப் புழங்கும் நாணயத்தில் தரும், இன்ன ஆண்டு. இதில் 'புழங்கும்' என்பதற்கு ரஷ்யச் சொல் 'ஹொத்யாச்சேயு'. அதன் நடுவில் வரும் 'த' ஒலி எழுத்து ஒரு குடிசை மாதிரி இருக்கும், தரையில் இரண்டு குட்டிக் கால்கள். 'ல' ஒலி எழுத்தும் அதே குடிசைதான், தரையும் காலும் மட்டும் கிடையாது. பாரிஸ்காரன் காலை விட்டுவிட்டான். அதனால் 'ஹொத்யாச்சேயு' என்பது 'ஹொல்யாச்சேயு' ஆகிவிட்டது. 'அரசின்' என்று பொருள்படும் 'கொசுதார்ஸ்த்வென்னொய்' என்கிற சொல்லிலும் அதே இடத்தில் அதே தவறு, 'கொசுலார்ஸ்த்வென்னொய்'. இரண்டுக்கும் ரஷ்யனிடம் அர்த்தம் கிடையாது. எல்லாப் பிரெஞ்சுப் போலியிலும் இந்தப் பிழை இருக்கும் என்று எண்ண வேண்டாம். இருந்தால் உறுதி, இல்லாவிட்டால் அடுத்ததைப் பாருங்கள்.

அடுத்தது கையெழுத்து. அசல் நோட்டில் வங்கி அதிகாரிகள் இறகுப் பேனாவால் ஒவ்வொன்றாகக் கையெழுத்துப் போட்டார்கள். அந்த மை காலப்போக்கில் கறுப்பிலிருந்து பழுப்பாகும், அழுத்தி எழுதிய இடத்தில் காகிதத்தை அரித்தும் இருக்கும். நோட்டைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் கசிவு தெரியும். ஒரே ஆள் போட்ட இரண்டு கையெழுத்து ஒரே மாதிரி இருக்காது, நூறு நோட்டில் போட்டுக் கை சலித்தவனுக்கு வால் கோணித்தான் போகும். பிரெஞ்சுப் போலியில் கையெழுத்தும் அச்சு. வாசகத்தின் அதே கறுப்பு, இரண்டு நோட்டில் அச்சு அசலாக அதே சுழி. நான் ஓர் ஐரோப்பிய ஏலத்தில் எடுத்த 25 ரூபிள் போலியின் கையெழுத்தைப் பார்க்கிறவர்களெல்லாம் "எவ்வளவு சுத்தமாகப் போட்டிருக்கிறார்" என்பார்கள். அந்தச் சுத்தம்தான் அதன் குற்றம்.

ஒரு எச்சரிக்கை. பிரெஞ்சுப் போலிக்கே விலை ஏறிவிட்டதால், போலிக்கும் போலி வருகிறது. ஆகவே காகிதச் சோதனையை அதற்கும் செய்யுங்கள்.

போருக்குப் பிறகு அரசு விழித்துக்கொண்டது. அகுஸ்தீன் பெத்தன்கூர் என்கிற ஸ்பானியப் பொறியாளரின் பொறுப்பில், பீட்டர்ஸ்பர்க்கில் ஃபொந்தாங்கா ஆற்றங்கரையில் அரசுத் தாள்களுக்கென்றே ஓர் அச்சகம் 1818-இல் உருவானது. காகிதம் செய்வது, அச்சடிப்பது எல்லாம் ஒரே வளாகத்துக்குள். இன்று ரஷ்ய நோட்டு அடிக்கும் கொஸ்னாக்கின் மூலம் அதுதான். அங்கிருந்து வந்த நோட்டில் இறக்கையைத் தாழ்த்தி விரித்த இரட்டைத்தலைக் கழுகு இருக்கும். சேகரிப்பாளர்கள் அதை மேசன் கழுகு என்று கூப்பிடுவார்கள். வங்கி மேலாளர் இளவரசர் ஹொவான்ஸ்கியின் கையெழுத்து இதில் அச்சாகவே வரும், காசாளர் மட்டும் பேனாவால் போடுவார். ஆகவே அச்சுக் கையெழுத்து என்றாலே போலி என்கிற விதியை இந்தக் காலத்துக்கு நீட்டிவிடாதீர்கள். நல்ல நோட்டைப் போலி என்று நினைத்துக் கைவிட்டவர்கள் உண்டு.

அசிக்னாட் ஏன் இவ்வளவு அரிது? நிதியமைச்சர் கன்க்ரின்தான் காரணம். 1839-இல் மூன்றரைக் காகித ரூபிளுக்கு ஒரு வெள்ளி ரூபிள் என்று விகிதத்தை நிறுத்தினார். புழக்கத்தில் இருந்த அசிக்னாட் 59,57,76,310 ரூபிள். அதை 17,02,21,803 வெள்ளி ரூபிளாகக் கணக்கிட்டு, 1843-இலிருந்து புது நோட்டுக்கு மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். அதாவது நம் ஊரில் 2016-இல் நடந்தது போல ஒரே இரவில் செல்லாமல் போகவில்லை, மாற்றிக்கொள்ளப் போதுமான காலம் இருந்தது. அதனால் ஜனங்கள் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் கொண்டுபோய் மாற்றிவிட்டார்கள், திரும்பியதை அரசு அழித்தது. மறந்துபோய்ப் புத்தகத்துக்குள்ளும் பெட்டிக்குள்ளும் கிடந்ததுதான் நமக்கு மிச்சம். பேரரசின் கடைசி நோட்டுகள் கதை நேர்மாறு. புரட்சியில் ஒரே அடியாகக் குப்பையானதால், என்றாவது செல்லும் என்று மூட்டை மூட்டையாக வைத்திருந்தார்கள். உங்கள் 500 ரூபிள் இவ்வளவு பெரிய, இவ்வளவு அழகான நோட்டாக இருந்தும் மலிவாகக் கிடைத்ததற்கு அதுதான் காரணம்.

இடைப்பட்ட காலத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1840-இல் வைப்பு நோட்டு வந்தது, ஆயுள் சில வருடங்கள்தான், அதனால் அதுவும் அரிது. 1843 முதல் அரசுக் கடன் நோட்டு: ஒன்று மஞ்சள், மூன்று பச்சை, ஐந்து நீலம், பத்து சிவப்பு, இருபத்தைந்து ஊதா, ஐம்பது சாம்பல், நூறு பழுப்பு. கேத்தரின் காலத்து நீல ஐந்தும் சிவப்புப் பத்தும் இதிலும் தொடர்கின்றன. அரசர்கள் போய்க் கட்சி வந்த பிறகும் சோவியத் நோட்டில் மூன்று பச்சை, ஐந்து நீலம், பத்து சிவப்பு, இருபத்தைந்து ஊதா என்றே இருந்தது. 1866 வரிசையில்தான் அரசர் முகங்கள் வருகின்றன, நூறு ரூபிளில் கேத்தரின். ஜனங்கள் அந்த நூறுக்குச் செல்லமாக 'காத்தென்கா' என்று பெயர் வைத்தார்கள். 1890-களில் ஒர்லோவ் என்பவர் பல நிறங்களை ஒரே ஓட்டத்தில் அச்சிடும் முறையைக் கண்டுபிடித்தார். ஒரே கோடு சிவப்பில் தொடங்கிப் பச்சையில் முடியும், நடுவில் ஒட்டு தெரியாது.

சரி, எங்கே தொடங்குவது? என் அபிப்பிராயம், கடைசியிலிருந்து. நேராக அசிக்னாட்டுக்குப் பாய்கிறவர்கள் நான் பட்ட 75 ரூபிள் பாடுதான் படுவார்கள். முதலில் ரஷ்ய எழுத்தைக் கற்றுக்கொள்ளுங்கள், இரண்டு வாரம் போதும். மொழி வேண்டாம், எழுத்து போதும். அது தெரியாமல் இந்தச் சேகரிப்பில் இறங்குவது தகடு செதுக்கிய அந்தப் பாரிஸ்காரன் நிலைமைதான்.

பிறகு 1898 என்று போட்ட ஒரு ரூபிள் நோட்டில் பழகுங்கள். அதில் 1898 என்பது அச்சடித்த வருடம் அல்ல, வடிவத்தின் வருடம். எப்போது அடித்தது என்று வங்கி மேலாளர் கையெழுத்துதான் சொல்லும். ப்ளெஸ்கே என்றால் 1903 வரை, திமாஷேவ் 1909 வரை, கோன்ஷின் 1914 வரை, ஷிப்போவ் அதற்குப் பிறகு. ஷிப்போவ் கையெழுத்து மலிவு, ஆட்சி மாறிய பிறகுகூட அந்தத் தகட்டிலேயே அடித்துத் தள்ளினார்கள். ப்ளெஸ்கே கிடைப்பது கஷ்டம். அசிக்னாட்டில் இந்தக் குழப்பம் இல்லை, வருடத்தை மாற்றி மாற்றி அடித்தார்கள், 1807 என்றால் 1807 தான். இந்த வித்தியாசம் பிடிபட்ட பிறகு 1866 வரிசைக்கு ஏறலாம். விலை சட்டென்று எகிறுவது அங்கேதான் தெரியும். அதற்குப் பிறகு 1843 வரிசை, அப்புறம்தான் மேசன் கழுகு. நடுவில் ஒரு பிரெஞ்சுப் போலி வாய்த்தால் விடாதீர்கள்.

அலாஸ்கா ரஷ்யாவிடம் இருந்தபோது ரஷ்ய-அமெரிக்கக் கம்பெனி விலங்குத் தோலில் அச்சிட்ட பணம் என்று எங்காவது கண்ணில் படும். அப்படி ஒன்று உண்மையிலேயே இருந்தது. ஆனால் கடையில் பார்ப்பது அநேகமாக அது அல்ல.

வாங்கும்போது நிலையைப் பற்றி ஒன்று. அசிக்னாட்டில் மடிப்பும் கிழிசலும் சகஜம், அதற்கு விலை கொஞ்சம் குறையும், பரவாயில்லை. கழுவி, அழுத்தித் தேய்த்துப் புதுசாக்கினதுதான் ஆபத்து. தேய்த்தால் அந்த முட்டை வடிவ முத்திரை தட்டையாகிவிடும். படத்தில் தெரியாது. விற்பவரிடம் பக்கவாட்டில் விளக்கு வைத்து ஒரு படம் கேளுங்கள். பாறையும் அலையும் நிழல் விழுந்து மேடாகத் தெரிய வேண்டும். அந்தப் படத்தைத் தர மறுப்பவரிடம் நான் வாங்குவதில்லை.

ரஷ்யாவிலிருந்து நேரடியாக வாங்குவது இப்போது தலைவலி. நூறு வருடத்துக்கு மேற்பட்ட பொருளை அங்கிருந்து வெளியே கொண்டுவர அனுமதி வேண்டும். 2022-க்குப் பிறகு நம் கார்டில் அங்கே பணம் கட்டுவதும் நடக்காது. ஜெர்மனி, பின்லாந்து, பால்டிக் நாடுகளின் ஏலங்களைப் பாருங்கள், பழைய சேகரிப்புகள் அங்கே வருகின்றன. பொருளுக்கு மேல் ஏலக் கமிஷன், தபால், நம் சுங்க வரி எல்லாம் கூட்டிய பிறகு எவ்வளவு என்று முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டு கை தூக்குங்கள்.

வீட்டில் வைப்பதற்குப் பாலியஸ்டர் உறை. சாதாரண பிவிசி உறை நாளடைவில் பிசுபிசுத்து நோட்டில் ஒட்டும். நம் ஊர் ஈரத்துக்குப் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, மழைக்காலத்தில் மாற்றுங்கள். தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள். 1866-ஆம் வருடத்து 5 ரூபிளை ரேஷன் கார்டு மாதிரி லேமினேட் செய்து ஒருவர் என்னிடம் மதிப்பு கேட்டு வந்தார். என்ன பதில் சொல்வதென்றே தெரியவில்லை, காபி வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

உங்கள் 500 ரூபிள் 1912 வடிவம் என்று நினைக்கிறேன். அதில் இரண்டே கையெழுத்துதான் வரும், கோன்ஷின் அல்லது ஷிப்போவ். லென்ஸை எடுத்துப் பாருங்கள். கோன்ஷின் என்றிருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள், என்னிடம் ஷிப்போவ் மட்டும்தான் மூன்று இருக்கிறது.